ரொட்டிக்குள் ஒரு குழந்தை

அந்த ரொட்டி வளையம் மேசையின் நடுவில் வந்து அமர்ந்தபோது அருணாதேவிக்கு முதலில் தோன்றியது, அது தன் கையால் செய்யப்பட்டதன்று என்பதுதான். அந்த விடுதியில் தான் சமைக்காத ஒரு பண்டத்தைப் பிறர் சுற்றி நின்று பார்ப்பது அவளுக்குப் புதுமையாக இருந்தது. சமையலறை வாசலில் சாய்ந்தபடி, வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு அவளும் பார்த்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. காலையிலும் வீங்கியிருந்தது, நேற்றும் அப்படித்தான்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்த அந்த விடுதிக்கு ஆறு அறைகளும் ஒரு மொட்டைமாடியும் உண்டு. தங்க வருகிறவர்கள் மாடிக்கு ஏறி மலையைப் பார்த்துக் கண்மூடி அமர்வார்கள். அருணாதேவியும் மாடிக்கு ஏறுவாள், மிளகாய் காயவைக்க. மலையுச்சியில் மேகம் நின்றால் மிளகாயை அள்ள வேண்டும். மலைக்கும் அவளுக்கும் இருந்த உறவு அவ்வளவே.

ரொட்டியைச் செய்தவர் எல்வீரா. மெக்சிகோவில் வேரகுரூஸ் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர், அறுபதைத் தாண்டியவர். குளிர்காலந்தோறும் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குவது அவர் வழக்கம். எல்வீரா என்ற பெயர் சந்துக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே வீராம்மா ஆகிவிட்டது. தமிழில் சமையலறைக்கு வேண்டிய சொற்களெல்லாம் அவருக்குத் தெரியும். வினைச்சொற்களின் வால்களைப் பற்றி மட்டும் அவர் கவலைப்படுவதில்லை.

விடுதியின் உரிமையாளர் கோதண்டராமன், கூட்டுறவு வங்கி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்வீராவிடம் சொற்களைக் கேட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில் நாளுக்கொன்றாக எழுதிவைப்பது அவருடைய ஓய்வுக்காலத் தொண்டு. மெக்சிகோவில் உணவகத்துக்குள் நுழைகிறவர், முன்பின் அறியாதவர் உண்டுகொண்டிருந்தாலும் 'ப்ரோவேச்சோ' என்று சொல்லிவிட்டுத்தான் கடந்து செல்வாராம்; உண்டது உடம்பில் ஒட்டட்டும் என்று அதற்குப் பொருள். ஒருவர் தும்மினால் 'சலூத்'. பேசிக்கொண்டிருக்கும் இருவரின் நடுவே புகுந்து போக நேர்ந்தால் 'கோன் பெர்மீசோ'. பெரியவர்கள் கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்பது மரியாதையன்று. 'மாந்தே' என்று கேட்க வேண்டும், அதாவது, கட்டளையிடுங்கள். இந்தக் கடைசிச் சொல்லைக் கற்கத் தனக்குப் பலகை வேண்டியதில்லை என்று அருணாதேவி நினைத்துக்கொண்டாள்.

'அஓரீத்தா' என்ற சொல் எழுதப்பட்ட நாளும் அவளுக்கு நினைவிருந்தது. இப்போதே என்று பொருள். ஆனால் அந்த இப்போது ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம், வராமலே போகவும் கூடும் என்று எல்வீரா விளக்கியபோது கோதண்டராமன் வியந்து போனார். அருணாதேவி வியக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் தங்கை காசியம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அவள் கேட்ட விடுப்பு, தீபம் முடியட்டும் என்று தள்ளிப்போனது; பிறகு புத்தாண்டு முடியட்டும் என்று; பிறகு பொங்கல். கடைசியாக, பிப்ரவரி முதல் தேதி போகலாம் என்று கோதண்டராமன் வாயால் வந்துவிட்டது. அதைக் கேட்ட நாள்முதல் அவள் அந்தத் தேதியை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தாள். "சாவறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தூங்கணும்" என்று தங்கையிடம் போனில் சொன்னாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

"அருணா, உக்காரு. எல்லாரும் வெட்டு. நீ வெட்டு," என்றார் எல்வீரா.

"நான் எதுக்குங்க? இருக்கட்டும்."

"உக்காரும்மா," என்றார் கோதண்டராமன். "ஒரு நாள் உக்காந்தா கொறஞ்சா போயிடும்? அப்படியே அந்த டீயையும் கையோட எடுத்துட்டு வந்து உக்காரு."

அவள் டீயைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். மேசையைச் சுற்றி ஹைதராபாத் தம்பதியர் இருந்தார்கள். மாடியறையில் தங்கியிருந்த போலந்துக்காரர் இருந்தார். விடுதியின் வாடிக்கை ஆட்டோக்காரன் குமரேசன் இருந்தான். விடுதிச் சமையலறைக்குள் முட்டை நுழையக் கூடாதென்பதால், முட்டையில்லாமல் பிசைந்த மாவைத் தெருமுனை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கி வந்திருந்தார் எல்வீரா. மேலே சர்க்கரையும், சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டியும் பதிந்திருந்தன.

அன்று ஜனவரி ஆறு. மூன்று அரசர்கள் குழந்தை ஏசுவைக் காண வந்த நாள் என்று எல்வீரா சொன்னார். ரொட்டிக்குள் ஒரு சின்னக் குழந்தைப் பொம்மை இருக்கிறது. கெட்ட அரசன் ஒருவன் கொல்லத் தேடியபோது குழந்தையை ஒளித்து வைத்தார்கள் அல்லவா, அதற்கு அடையாளம். அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர், பிப்ரவரி இரண்டாம் தேதி, அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தமாலெஸ் விருந்து வைக்க வேண்டும். மக்காச்சோள மாவை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது.

"அதாவது நம்ம கொழுக்கட்டை," என்றார் கோதண்டராமன்.

"இல்ல," என்றார் எல்வீரா. கொழுக்கட்டை அவருக்குத் தெரியும்.

கத்தி கைமாறிக்கொண்டே வந்தது. குமரேசன் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டான். அருணாதேவி சிறிய துண்டை எடுத்தாள். இரண்டாம் கடியில் பல்லில் ஏதோ நெருடியது. நாக்கு அதைப் புரட்டிப் பார்த்தது. நிலக்கடலைப் பருப்பளவு, வழவழப்பு, ஒரு பக்கம் தலைபோல உருண்டை.

மற்றவர்களாக இருந்திருந்தால் ஒரு கூச்சல் எழுந்திருக்கும். அருணாதேவியின் மனத்தில் எழுந்தது ஒரு பாத்திரம். இட்லிக் குண்டானில் பெரியது. அதற்குப் பிறகு ஊறவேண்டிய சோளம், அரைக்க வேண்டிய மாவு, வாட்ட வேண்டிய இலை, கழுவ வேண்டிய தட்டுகள் என்று வரிசையாக எழுந்தன. பிப்ரவரி இரண்டு என்றால் முதல் தேதி முழுக்க வேலை. முதல் தேதி பேருந்து.

அவள் பொம்மையைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கினாள். மென்றதை விழுங்கினாள். டீத் தம்ளரைத் தூக்கும் சாக்கில் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு முந்தானை முடிச்சில் ஒன்று கூடியிருந்தது.

ரொட்டி தீர்ந்தது. பொம்மை வரவில்லை. தட்டுகளில் உதிர்ந்த துகளையெல்லாம் போலந்துக்காரர் விரலால் கிளறிப் பார்த்தார். எல்லார் கண்ணும் சற்று நேரத்தில் குமரேசன் மேல் வந்து நின்றது. அவன் தட்டில் துகள்கூட இல்லை.

"குமரேசா, நீ மென்னியா, முழுங்கினியா?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"ஸ்டேஷன்ல சவாரி நிக்குதுனு போன் மேல போன் வருது சார். மென்னுனா இருக்க முடியும்?" என்றான் அவன். சொன்ன பிறகுதான் சொன்னதன் பொருள் அவனுக்கே புரிந்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "அது பிளாஸ்டிக்கா வீராம்மா? ஒண்ணும் ஆவாதே?"

"ஆகாது. சாமி குழந்தை," என்று ஆறுதல் சொன்னார் எல்வீரா. அவன் முகம் மேலும் வெளுத்தது.

மறுநாள் அவன் மருத்துவரைப் பார்த்தான். பிளாஸ்டிக் என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது. வாழைப்பழம் சாப்பிடு, தானே போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். போயிற்றா இல்லையா என்பதை உறுதி செய்துகொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் ஒரு சாமி. அதைத் தேடும் இடம் அதுவன்று என்று அவன் கருதினான். அதனால் அந்தக் குழந்தை, குமரேசனைப் பொறுத்தவரை, அங்கேயே தங்கிவிட்டது.

பொம்மை உண்மையில் சமையலறை அலமாரியில், பழைய பெருங்காய டப்பாவுக்குள் இருந்தது. அருணாதேவி அதை இரண்டொரு முறை எண்ணிப் பார்த்தாள். குற்ற உணர்ச்சி வரும் போலிருந்தது. அதற்குள் ஒரு குக்கர் விசில் அடித்துவிடும். களைத்த உடம்பில் குற்ற உணர்ச்சி நெடுநேரம் நிற்பதில்லை, அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு குமரேசனின் மனைவி சரோஜா வந்தாள். பூக்கட்டி விற்கிறவள். இரண்டு முழம் கதம்பத்தை அருணாதேவியின் தலையில் அவளே வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ஆளு கடைப் பக்கம் போறதில்ல."

"எந்தக் கடை?"

"எந்தக் கடைனு கேக்கறீங்க பாருங்க. ரொட்டி துன்ன நாள்லருந்து தொடவே இல்லக்கா. இன்னாய்யா ஆச்சு உனக்குன்னா, உள்ள ஒரு கொழந்த சாமி உக்காந்துனு இருக்குது, அது தலைமேல கொண்டுபோய் ஊத்தறதான்றாரு. விடியக் காத்தால மலைய சுத்தப் போறாரு. சாமிக்கு மலையைக் காட்டணுமாம்."

"வயித்துக்குள்ள இருந்து எப்டிடி பாக்கும்?"

"அத நான் கேட்டேனே. நீ கோயிலுக்குப் போனா உன் வயித்துல இருந்த புள்ள பாக்கலியானு என்னையே மடக்கறாரு." சரோஜா சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க கும்பிடற சாமி எதுனாலும் சரி, அந்தப் பொம்ம வெளிய வராம இருக்கணும்னு ஒரு வார்த்தை வேண்டிக்குங்க."

அருணாதேவியின் தலைக்கு மேல் ஒரு முழத்தில் பெருங்காய டப்பா இருந்தது. "வேண்டிக்கறேன்," என்றாள். அதற்கு மேல் அவளால் செய்யக்கூடியது எதுவும் அப்போது தோன்றவில்லை.

வினை வேறு வழியாக வந்தது. ஜனவரி முடிய ஒரு வாரம் இருந்தபோது, குமரேசன் சட்டையைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தபடி கோதண்டராமன் முன் வந்து நின்றான். முழுங்கியது தான்தான், ஆகவே விருந்தும் தான்தான் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் உள்ளே இருப்பது சும்மா இருக்காது என்றான். கோதண்டராமனுக்கு அதைவிட இனிய செய்தி அந்தப் பருவத்தில் வரவில்லை. திருவண்ணாமலையில் ஒரு மெக்சிகோ விருந்து! அன்று மாலைக்குள் பக்கத்து காபிக் கடையில் கூடும் வெளிநாட்டவரையும், ஆட்டோ ஸ்டாண்டையும், பேக்கரிக்காரரையும், எதிர்வீட்டுக் குடும்பத்தையும் அவர் அழைத்துவிட்டார். அதன் பிறகே சமையலறைக்கு வந்தார்.

"அருணா, செலவு அவனுது, இடம் நம்மது, கை உன்னுது. ரெண்டாந்தேதி ஜோரா முடிச்சிடுவோம். மூணாந்தேதி காலையில மொதல் பஸ்ஸுக்கு நானே வண்டியில கொண்டுபோய் விடறேன், என்ன?"

"சரி சார்," என்றாள் அவள்.

அவர் போன பிறகும் அந்தச் சொல் அடுப்பு மேடையில் கிடந்தது. யார் சொன்னது அதை? வாய் சொல்லியிருந்தது. அவளைக் கேட்கவில்லை. மூன்றாம் தேதி வந்தால், மாசிப் பௌர்ணமிக் கூட்டத்துக்கு யாராவது முன்பதிவு செய்வார்கள், பிறகு சிவராத்திரி, பிறகு பங்குனி. கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலையிலிருந்து அரைமணிப் பயணந்தான். அது ஆண்டுக்காண்டு தொலைவாகிக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மறுநாள் மத்தியானம் எல்வீரா சமையலறைக்குள் வந்தார். மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்தால் மாவு ஒட்டாது. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவ வேண்டும். அதற்காக வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கப் போனபோது, கடைக்காரர் பாக்கையும் சேர்த்துக் கொடுத்து, மென்று காட்டியும் விட்டாராம். இருவரும் சோளத்தைக் கசக்கினார்கள். தோல் கழன்று விரல்களில் வழுக்கியது. கொஞ்சம் மாவுக்கே இவ்வளவு நேரம். முழங்கால் மடங்க மறுத்ததால் அருணாதேவி நின்றுகொண்டே கழுவினாள்.

"நான் பாத்தேன்," என்றார் எல்வீரா, தலை நிமிராமல்.

"எதை?"

எல்வீரா ஒரு விரலால் தன் கன்னத்தை உள்ளிருந்து தள்ளுவதுபோல் உப்பிக் காட்டினார்.

அருணாதேவி கையை உதறித் துடைத்தாள். டப்பாவை எடுத்துத் திறந்தாள். பொம்மை மேடைமேல் வந்தது. கையும் காலும் மடங்கிய இளஞ்சிவப்புக் குழந்தை, பெருங்காய வாசனை.

"ஏன் சொல்லலீங்க?"

"ஏன் சொல்ல? எங்க ஊர்ல பாதிப் பேர் இப்படி. வாய்ல, பையில, ஜாக்கெட்ல. ஒருத்தி நாய்க்குப் போட்டா." எல்வீரா முதன்முறையாகச் சிரித்தார். சிரிப்பு விரைவில் தீர்ந்தது. "அங்கே யாருக்குப் பொம்மை வந்தாலும் சரி. அண்ணன், மச்சான், மருமகள். தமாலெஸ் யார் செய்வா? எல்வீரா. எல்லாரும் என் வீடு. எல்லாரும் சொல்வா, எல்வீரா கை மாதிரி வராது." அவர் சோளத்தை ஒருமுறை பிழிந்தார். "அங்கே நான் அருணா."

அருணாதேவி எதிரில் நின்ற அந்த மனுஷியைப் பார்த்தாள். மூன்று குளிர்காலங்களாகத் தட்டு வைத்து எடுத்த முகம். அந்தக் கைகளை அவள் அதுவரை கவனித்ததில்லை. விரல் கணுக்கள் புடைத்து, கட்டைவிரல் ஒரு பக்கம் சாய்ந்து, வருடக்கணக்கில் மாவு பிசைந்தவள் கை. மெக்சிகோவிலிருந்து மனிதர்கள் இங்கே அமைதி தேடி வருகிறார்கள் என்று கோதண்டராமன் சொல்வார். இவர் தேடி வந்தது அதைவிடச் சாதாரணமானது.

"முடியாதுன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"சொல்லல. விமானம் ஏறினேன்."

"அப்புறம் இங்க வந்து எதுக்கு ரொட்டி சுட்டீங்க?"

எல்வீரா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், அவற்றைத்தான் கேட்க வேண்டும் என்பதுபோல. "இது சும்மா இருக்கல," என்றார்.

அன்று இரவுச் சமையலை முடிக்கும்வரை அருணாதேவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொம்மையை எடுத்து எல்லார் முன்னும் வைத்தால் விருந்து அவளுடையதாகிவிடும்; சமைப்பது அவள். சரோஜாவின் வீட்டில் வந்திருக்கும் அமைதியும் அதோடு போகும். வைக்காவிட்டால் விருந்து குமரேசனுடையது. அப்போதும் சமைப்பது அவள். ரொட்டித் துண்டு யார் கைக்குப் போயிருந்தாலும் முடிவு இங்கேதான் வந்து சேர்ந்திருக்கும். அப்படியானால் அவள் அதை ஒளித்ததே வீண். ஒளித்தவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லப் பயந்து பிளாஸ்டிக்கை வாயில் அடக்கியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவள் பொம்மையைக் கழுவி எல்வீராவின் உள்ளங்கையில் வைத்தாள். எல்வீரா அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கள் ஊர் வழக்கப்படி இரண்டாம் தேதி குழந்தைக்குப் புதுச் சட்டை போட வேண்டும், அது தன் பாடு என்றார்.

சிற்றுண்டி முடியும் நேரம். குமரேசனும் சரோஜாவும் இலை எவ்வளவு வாங்குவது என்று கேட்க வந்திருந்தார்கள். கோதண்டராமன் கரும்பலகை முன் சாக்குக்கட்டியுடன் நின்றார்.

"சார், என்னால முடியாது," என்றாள் அருணாதேவி.

"எது?"

"ரெண்டாந்தேதி சமைக்கறது. ஒண்ணாந்தேதி நான் ஊருக்குப் போறேன்."

அவர் திரும்பினார். அவள் ஏதோ கேலி செய்கிறாள் என்று நினைத்தவர்போல முதலில் சிரித்தார். "சரின்னு சொன்னியேம்மா?"

"சரின்னு சொல்றது பழக்கம் சார். வாய் சொல்லிடுது."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சு. இப்ப வந்து இப்டி சொன்னா? உனக்கு இங்க என்ன கொறை வெச்சேன், சொல்லு."

"கொறை ஒண்ணும் இல்ல. தூக்கந்தான் இல்ல."

போலந்துக்காரர் தேநீரோடு நடுவில் கடந்துபோக முற்பட்டு, நிலைமையை உணர்ந்து, வந்த வழியே திரும்பினார். கோதண்டராமனின் காது சிவந்தது. "அப்ப யாரு செய்வா?"

"முழுங்குனவன் செய்யட்டும்," என்றாள் அவள். குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

"அக்கா!" என்று அலறினான் குமரேசன். "எனக்கு சுடுதண்ணி வெக்கவே தெரியாதே!"

"வீராம்மா சொல்லித் தருவாங்க. சொல்லத்தான் சொல்லுவாங்க, செய்ய மாட்டாங்க. செய்ய வேண்டியது நீதான்."

"நான் உக்காந்து சொல்றேன்," என்று எல்வீரா மேசையிலிருந்தே உறுதியளித்தார். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் சரோஜா.

"நீ பண்ணாத," என்று சொன்னபோதுதான் அருணாதேவியின் குரல் முதலில் உயர்ந்தது. "உன் வயித்துலயா இருக்குது? அவன் வயித்துலதான இருக்குது? அவனே பண்ணட்டும். சார் மாவு அரைச்சுத் தருவாரு."

"நானா?" என்றார் கோதண்டராமன்.

"எல்லாரையும் கூப்ட்டது நீங்கதான சார்."

பிறகு கோதண்டராமன், சாக்குக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தவாறே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போ. போய்ட்டு வா. ஆனா திரும்பி வரும்போது வேலை அப்படியே காத்துக்கிட்டு இருக்கும்னு நெனைக்காத."

சொன்ன உடனே அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. எழுதாத பலகையைத் துடைக்கத் தொடங்கினார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அருணாதேவி அதை எடுத்து நிறுத்துப் பார்த்தாள். பின்கட்டில் அவளுக்கென்று இருக்கும் அறை, அலமாரி, அந்த அடுப்பு, மாதச் சம்பளம் எல்லாம் அதற்குள் இருந்தன. கனமாகத்தான் இருந்தது. ஆயினும் இன்னொரு தட்டில் இருந்த தூக்கம் இறங்கியே நின்றது.

"சரி சார்," என்றாள். இந்த முறை வாய் அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னது.

முதல் தேதி காலை அவள் கிளம்பும்போது சமையலறையில் குமரேசன் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சோளத்தை முறைத்துக்கொண்டிருந்தான். கோதண்டராமன் கிரைண்டரின் மூடி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார், அவளைக் கேட்கவில்லை. வாசல்வரை வந்த எல்வீரா கன்னத்தோடு கன்னம் வைத்து அனுப்பினார். தெருவில் நின்ற எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கீழ்பென்னாத்தூருக்குச் சீட்டு வாங்கினாள். பையை மடியில் வைத்தாள். வண்டி ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் தலை கம்பியில் சாய்ந்தது. நெல் வயல்கள் போயின. நிலக்கடலைக் கொல்லைகள் போயின. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். நடத்துநர் கீழ்பென்னாத்தூர் என்று கூவியதும் விசில் ஊதியதும் அவளுக்குக் கேட்கவில்லை. பலநாள் கடன் அங்கேயே, அந்த நெரிசலிலேயே, தன்னை வசூலித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

"யம்மா, எழுந்திரும்மா. செஞ்சி வந்துடுச்சு."

அவள் கண் திறந்தாள். நடத்துநர் சீட்டை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கீழ்பென்னாத்தூருக்கு வாங்கிட்டு இங்க வந்து நிக்கிறியே. தொண்ட கிழியக் கத்துனேன். வூட்ல தூங்கறதில்லியா?"

"இல்லீங்க," என்றாள் உண்மையாக.

அவர் மேற்கொண்டு காசு கேட்கவில்லை. இறங்கினாள். பேருந்து நிலையத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. இன்னொருத்தர் போட்ட டீயை வாங்கிக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்காலை நீட்டினாள். யாரும் அவளை அறியாத ஊர்; யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. திருவண்ணாமலை போகும் வண்டி ஒன்று வந்து நின்று, கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர் என்று ஆள் சேர்த்துவிட்டுப் புறப்பட்டது. டீ பாதி இருந்ததால் அவள் எழவில்லை.

போன் அடித்தது. காசியம்மாள்.

"எங்கக்கா இருக்க? எப்பவோ ஏறிட்டேன்ன. சோறு ஆறிப்போவுது."

"செஞ்சியில."

"செஞ்சியிலயா? செஞ்சியில உனுக்கு இன்னா வேலை?"

அருணாதேவி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒரு வேலையும் இல்ல," என்றாள்.